ஒத்திகை காட்டிய வழியே கால் நடக்கும்

நம் பங்குகளுக்கு ஒத்திகை என்பது புதிய செய்தி அன்று. புதுநன்மை பெறும் சிறுவர் சிறுமியர் எந்த இடத்தில் மண்டியிட வேண்டும், எந்தப் பக்கமாய்த் திரும்பி நடக்க வேண்டும் என்று ஒரு வாரம் முன்னதாகவே பழகிக் கொள்கின்றனர். கிறிஸ்து பிறப்பு விழாப் பாடல்களைப் பாடகர் குழுவினர் நவம்பர் மாதத்திலேயே பாடிப் பார்க்கத் தொடங்கி விடுகின்றனர். பாஸ்கா நாடகத்துக்குத் தவக்காலம் முழுவதும் ஒத்திகை நடைபெறுகிறது. திருவிழாத் தேர் எந்தத் தெருவில், எந்த மின்கம்பியின் கீழ்த் தாழ வேண்டும் என்பது தேர் தூக்கும் இளைஞர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். ஆனால் அதே தெருவில் ஒரு நள்ளிரவில் கடல்நீர் புகுந்தால், கடைசி வீட்டில் நடக்க இயலாமல் படுத்திருக்கும் மூதாட்டியைத் தூக்கிச் செல்லப் போகிறவர் யார்? இந்தக் கேள்விக்கு மட்டும் பெரும்பாலான பங்குகளில் விடை இல்லை.

விழாவில் ஒரு பிழை நேர்ந்தால் சிறிது வெட்கம், அவ்வளவுதான். ஆபத்தில் ஒரு பிழை நேர்ந்தால் உயிர் போகும். எதற்கு ஒத்திகை மிகுதியும் தேவையோ, அதற்கு நாம் ஒத்திகை பார்ப்பதே இல்லை. பேரிடர் ஒத்திகை என்றால் என்ன, அதைத் தெருவாரும் தொண்டரும் கூடி எவ்வாறு நடத்துவது, எவ்வாறு நடத்தலாகாது என்பதைச் சற்று விரிவாக இங்கே சிந்திப்போம்.

கைநழுவிய இரண்டு மணி நேரம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஆறரை மணியளவில் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் மாபெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை வங்கக் கடலைக் கடந்து தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம் என்பது சிறிய காலம் அன்று. கடலோரச் சிற்றூர் ஒன்றிலுள்ள அத்தனை பேரும், கைக்குழந்தையும் கிழவியும் உட்பட, மெதுவாக நடந்தே கரையை விட்டு அகன்றுவிடப் போதுமான நேரம். ஆனால் அந்த நேரம் இருந்தது என்பதே நம் மக்களுக்குத் தெரியாது. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கக் கரைக்கு ஓடியவர்களும் அவர்களுள் உண்டு.

அதே காலையில் புதுவை வட்டாரத்தைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் சிற்றூரில் நிகழ்ந்ததைப் பாருங்கள். சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தியறிந்து, தம் வீட்டாருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். அவ்வூரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு நடந்துவந்த அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. ஊரார் மையத்தின் கதவை உடைத்து உள்ளே சென்று, ஒலிபெருக்கியில் எச்சரிக்கையை அறிவித்தனர். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் ஒருவரும் இறக்கவில்லை.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஒலிபெருக்கி அன்றுதான் முதன்முறையாகப் பேசியதன்று. கடலின் அலையுயரம், வானிலை முதலிய செய்திகளை அது வழக்கமாகவே சொல்லி வந்தது. அதன் குரலைக் கேட்டு நடக்க ஊரார் ஏற்கெனவே பழகியிருந்தனர். பழகிய குரலாக இருந்ததனால்தான் அபாய வேளையில் அதன் சொல் எடுபட்டது.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. 2007ஆம் ஆண்டு முதல் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இரவு பகலாக இயங்கி வருகிறது. கடலடி நிலநடுக்கம் எதுவாயினும் சில நிமிடங்களில் கண்டறியப்படுகிறது. புயலின் போக்கும் பல நாள் முன்னதாகவே கணிக்கப்படுகிறது. எச்சரிக்கை இப்போது நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி வரைக்கும் வந்து சேர்ந்து விடுகிறது.

ஆயினும் கைப்பேசியிலிருந்து காலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் பிற்பகலில் சுமத்ராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டு, ஆழிப்பேரலை எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. தமிழகக் கரையோரங்களில் மக்கள் அஞ்சி ஓடினர். இறையருளால் அன்று பேரலை வரவில்லை. ஆனால் ஓடுவது வேறு, ஒழுங்காய் ஒதுங்குவது வேறு. எங்கே போவது, எந்த வழியாகப் போவது, யார் யாரை அழைத்துச் செல்வது என்னும் மூன்றும் தெரியாமல் ஓடுகிற கூட்டத்தில் வலியவன் முன்னே போவான். மெலிந்தவர் பின்னே நின்றுவிடுவர். இக்குறையைப் போக்கும் மருந்தே ஒத்திகை.

ஒரே ஊர், இரண்டு ஒத்திகைகள்

ஒத்திகை எப்படி நடந்தாலும் நன்மைதானே என்று எண்ணிவிட வேண்டா. ஜப்பான் நாட்டின் வடகிழக்குக் கரையில் கமாய்ஷி என்னும் துறைமுக நகரம் உள்ளது. 1896லும் 1933லும் ஆழிப்பேரலையால் பேரழிவைக் கண்ட கரை அது. அந்நகரின் உனோசுமாய் என்னும் பகுதியில் இரண்டு விதமான ஒத்திகைகள் நடந்தன. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பிற்பகலில் கடல் வந்து அவ்விரண்டையும் சோதித்தது.

முதலாவது, பள்ளிப் பிள்ளைகளின் ஒத்திகை. டொஷிடகா கடாடா என்னும் பேராசிரியர் பல ஆண்டுகளாக அந்நகர ஆசிரியர்களோடு சேர்ந்து பிள்ளைகளுக்கு மூன்று பாடங்களைக் கற்பித்து வந்தார். வரைபடத்தில் ஆபத்தில்லை என்று குறித்திருப்பதை நம்பி நின்றுவிடாதே. அந்தந்த வேளையில் உன்னால் இயன்றதை முழுமூச்சாய்ச் செய். பிறர் ஓடட்டும் என்று காத்திராமல் நீயே முதலில் ஓடு. இவைதாம் அந்த மூன்று. நிலம் அதிர்ந்ததும் நடுநிலைப் பள்ளி மாணவர் மேட்டை நோக்கி ஓடினர். பக்கத்துத் தொடக்கப் பள்ளியின் சிறுவர்கள் முதலில் தம் பள்ளியின் மூன்றாம் மாடிக்குத்தான் ஏறியிருந்தனர். அண்ணன்மாரும் அக்காமாரும் ஓடுவதைக் கண்டு அவர்களும் இறங்கி உடன் ஓடினர். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பற்றிக்கொண்டனர். முதலில் ஒதுங்கிய இடத்தில் மலைச்சரிவு இடிந்து விழுவதைக் கண்டதும் அங்கே நில்லாமல் இன்னும் மேலே ஏறினர். அதன் பின்னும் உயரமான இடத்தை நாடிச் சென்றனர். ஏறத்தாழ 600 பிள்ளைகள் உயிர் பிழைத்தனர். அவர்கள் விட்டுவந்த இரு பள்ளிக் கட்டடங்களையும் வெள்ளம் விழுங்கிவிட்டது.

இரண்டாவது, பெரியவர்களின் ஒத்திகை. அதே பகுதியில் 2010ஆம் ஆண்டு இரண்டு மாடிகள் கொண்ட பேரிடர்த் தடுப்பு மையம் ஒன்று திறக்கப்பட்டது. ஆழிப்பேரலையின்போது ஒதுங்குவதற்கென்று குறிக்கப்பட்ட இடம் அது அன்று. அதற்குரிய இடங்கள் மேட்டில் இருந்தன. ஆனால் முதியோருக்கு மேடேறுவது கடினம். ஒத்திகைக்கு வருவோர் தொகை குறைந்துவிடுமே என்று கருதி, ஊரின் நடுவே இருந்த அந்த மையத்திலேயே ஒத்திகையை நடத்தி வந்தனர். 2011 மார்ச் 3ஆம் நாளும் அங்கேதான் ஒத்திகை நடந்தது. மக்கள் திரளாக வந்தனர். எட்டு நாள் கழித்து உண்மையாகவே நிலம் அதிர்ந்தபோது, ஒத்திகையில் சென்ற இடத்துக்கே மக்கள் சென்றனர். வெள்ளம் இரண்டாம் மாடியையும் நிரப்பியது. அங்கே உயிர் தப்பியோர் 34 பேர் மட்டுமே. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. அம்மையம் இருந்த இடத்தில் இன்று நினைவுப் பூங்கா ஒன்று அமைந்துள்ளது.

அந்த முதியோர் அசட்டையாய் இருந்தவர்கள் அல்லர். எச்சரிக்கையைப் புறக்கணித்தவர்களும் அல்லர். கற்பித்ததைக் கற்பித்தவாறே செய்தவர்கள். அபாய வேளையில் மனிதன் ஆழ்ந்து சிந்திப்பதில்லை. பழகிய வழியில் அவன் கால் நடக்கிறது. ஆகையால் ஒத்திகையில் நாம் காட்டும் வழி உண்மையான வழியாக இருத்தல் வேண்டும். வசதிக்காகச் சுருக்கிய ஒத்திகை, ஒத்திகையே இல்லாமையை விடவும் கொடியதாக முடியக்கூடும்.

நம் கரையோரப் பங்குகளுக்கு இதில் தனிப்பட்ட பாடம் ஒன்று உள்ளது. நம் ஆலயங்களுள் பல, கடலைப் பார்த்தவாறு கரையிலேயே நிற்கின்றன. கடலுக்குச் செல்வோர் கும்பிட்டுச் செல்லவும், திரும்பி வருவோருக்குக் கோபுரம் அடையாளமாய் இருக்கவும் நம் முன்னோர் அவ்வாறு கட்டினர். அபாயம் என்றால் ஆலயத்துக்கு ஓடுவதே நம் இயல்பு. ஆனால் கடலே அபாயமாய் வரும்போது, கடற்கரை ஆலயத்தை நோக்கி ஓடுவது கடலை நோக்கி ஓடுவதாகும். வருவோர்க்கு எளிது, இடம் விசாலம், நிழல் உண்டு என்பதற்காக ஆழிப்பேரலை ஒத்திகையைக் கரையோர ஆலய வளாகத்தில் முடித்துவிடுதல் ஒருபோதும் கூடாது. புயலுக்கு உறுதியான கட்டடம் போதும். ஆழிப்பேரலைக்கு உயரமும் தூரமும் வேண்டும். எந்த ஆபத்துக்கு எந்த இடம் என்பதை மாவட்ட நிருவாகத்தையும் தீயணைப்பு நிலையத்தையும் கேட்டு முடிவு செய்தபின்னரே ஒத்திகை பற்றிப் பேச வேண்டும்.

தெருவை நடந்து பாருங்கள்

ஒத்திகைக்கு முதல் வேலை ஒலிபெருக்கி வாங்குவதன்று. தெருவை நடந்து பார்ப்பது. ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் போதும். ஓர் அன்பியத்தின் எல்லை ஒரு குழுவுக்குச் சரியான அளவு. ஆனால் பங்கின் குடும்பப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கெடுத்தல் ஆகாது. வெள்ளம் திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்த்து வருவதில்லை. தெருவிலுள்ள எல்லா வீடும், எச்சமயத்தவராயினும், வாடகைக்கு இருப்பவராயினும், பட்டியலில் இடம்பெற வேண்டும். கட்டட வேலைக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் வடநாட்டிலிருந்து வந்து தங்கியிருப்போர் தமிழ் அறிவிப்பைப் புரிந்துகொள்ளமாட்டார்கள். அவர்கள் தங்குமிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. படுக்கையில் இருப்போர் உண்டா? கண் தெரியாதவர், காது கேளாதவர் உண்டா? கருவுற்ற பெண்ணும் கைக்குழந்தையும் உண்டா? நாள்தோறும் மருந்து உட்கொள்வோர் யார்? தனியே வாழும் முதியோர் உண்டா? இந்த வீட்டிலிருந்து கடலில் இருப்போர் எத்தனை பேர், எந்தப் படகில், எத்தனை நாள் கணக்கில் போயிருக்கிறார்கள்? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியபோது, ஆழ்கடலில் இருந்தோர் எத்தனை பேர் என்னும் கணக்கைத் தேடித் தேடியே கரையில் குடும்பங்கள் கதறின. அக்கணக்கை முன்னரே எழுதி வைப்பது நம்மால் ஆகக்கூடிய காரியமே.

தெருவையும் கவனியுங்கள். தாழ்வான இடம் எது? மூடியில்லாத கிணறும் சாக்கடையும் எங்கே? மின்மாற்றி எங்கே நிற்கிறது? புயலில் சாயக்கூடிய பட்டமரம் எது? நாற்காலியில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால் எந்தச் சந்தில் இடிக்கும்? அந்தச் சந்தை இரு சக்கர வண்டிகள் அடைத்து நிற்கின்றனவா? தாளில் ஒரு படம் வரைந்து, நடக்க இயலாதோர் உள்ள வீடுகளைச் சிவப்பு மையால் குறியுங்கள். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் மனம் அந்தச் சிவப்புக் குறிகளில் விளங்க வேண்டும். ஒத்திகை முழுவதும் அவர்களுக்காகவே. ஓடத் தெரிந்தவன் எப்படியும் ஓடிவிடுவான்.

தொண்டர் யார்? எத்தனை பேர்?

நம் அண்டை நாடான வங்கதேசம் இத்துறையில் உலகுக்கே ஆசானாய் நிற்கிறது. 1970 நவம்பர் 12ஆம் நாள், அந்நிலம் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோது வீசிய புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் செஞ்சிலுவைச் சங்கமும் அரசும் சேர்ந்து, ஊர்த் தொண்டர்களைக் கொண்டு புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. இன்று அதில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர் உள்ளனர். அவர்களுள் பாதிப் பேர் பெண்கள். ஒவ்வொரு சிறு குழுவுக்கும் 20 தொண்டர். எச்சரிக்கை சொல்வோர், ஒதுங்கிடத்தைக் கவனிப்போர், மீட்போர், முதலுதவி செய்வோர், நிவாரணம் வழங்குவோர் என்று ஐந்து பணிகளாக அவர்கள் பிரிந்து நிற்கின்றனர். கையொலிபெருக்கியும் கொடியும் அவர்களின் கருவிகள். 2020 மே மாதம் அம்பன் புயலின்போது அந்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். லட்சக்கணக்கில் உயிர் பறித்த அதே கரையில் உயிரிழப்பு சில பத்துகளுக்குள் நின்றது. செல்வம் மிகுந்த நாடு செய்ததன்று இது. பழகிய தொண்டர் செய்தது.

நம் அன்பியத்துக்கும் அந்த ஐந்து பணிப் பிரிவு நன்றாகப் பொருந்தும். பிரிவுக்கு நால்வராக 20 பேர். இளைஞர் இயக்கத்தினரை மட்டும் நம்பிவிட வேண்டா. பகல் நேரத்தில் இளைஞர் வேலையிலும் கல்லூரியிலும், ஆண்கள் கடலிலும் இருப்பர். தெருவில் எப்போதும் இருப்போர் பெண்களே. எனவே ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேராவது பெண்களாய் இருத்தல் இன்றியமையாதது. பெண் தொண்டர் வந்து அழைத்தால்தான் சில வீடுகளில் பெண்கள் வெளியே வருவர். ஒதுங்கிடத்தில் கழிப்பறைக்கு என்ன வழி என்று முதலில் கேட்பவரும் பெண் தொண்டரே. அக்கேள்விக்கு விடை இல்லாத ஒதுங்கிடத்துக்குத் தாய்மார் வரத் தயங்குவது நியாயமே.

முதலுதவி, கயிறு கட்டுதல், தீயணைத்தல் ஆகியவற்றைத் தீயணைப்பு மீட்புப் பணித் துறையினரிடம் முறைப்படி கற்றுக்கொள்ளுங்கள். அழைத்தால் அவர்கள் வந்து செய்து காட்டுவார்கள். இரத்தம் பெருகினால் தூய துணியை வைத்து அழுத்திப் பிடிப்பது, தீப்புண்ணில் மையோ பற்பசையோ தடவாமல் இருபது நிமிடம் ஓடும் நீரில் குளிர்விப்பது, எரிவாயு கசிந்தால் மின்விசையைத் தொடாமல் உருளையை மூடிச் சன்னல்களைத் திறப்பது, இரண்டு மூங்கில் கழிகளையும் சாக்குப் பைகளையும் கொண்டு தூக்குப் படுக்கை செய்வது முதலியவை ஒரு பிற்பகலில் பழகக்கூடியவை.

தொண்டர்க்கு ஒரு கண்டிப்பான விதியும் உண்டு. 2011இல் ஜப்பான் நாட்டில், கடற்கதவுகளை மூடவும் மக்களை அழைத்துவரவும் சென்ற தன்னார்வத் தீயணைப்போர் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அவர்களின் தியாகம் போற்றத்தக்கது. ஆயினும் அது மீண்டும் நிகழ நாம் இடம் கொடுத்தலாகாது. எந்த நேரத்தில் வேலையை விட்டு ஒதுங்க வேண்டும் என்று தொண்டர்க்கு முன்னரே வரையறுத்துச் சொல்ல வேண்டும். எப்போதும் இருவர் இருவராகவே செல்ல வேண்டும். பயிற்சி பெறாதவர் வெள்ளத்தில் இறங்கலாகாது. கயிறு எறியலாம், கம்பு நீட்டலாம். தம் வீட்டாரை அழைத்துச் செல்பவர் யார் என்பது முடிவாகாத ஒருவரைத் தொண்டராய் நிறுத்துவதும் நேர்மையன்று; அவர் மனம் வீட்டில் இருக்கும், கால் தெருவில் நிற்கும்.

மணி அடிக்கும் நாள்

நாள் குறித்ததும் மாவட்ட நிருவாகம், காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், ஊராட்சி ஆகிய இடங்களுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பக்கத்து ஊர்களுக்கும் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்னதாகவே ஒவ்வொரு வீட்டுக்கும் இது ஒத்திகை என்று தெரிந்திருக்க வேண்டும். சொல்லாமல் திடீரென்று அபாய மணி அடித்து மக்களைச் சோதிப்பது விபரீதம். பதற்றத்தில் விழுந்து காயப்படுவோர் ஒருபுறம். இனி மணி அடித்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது மறுபுறம்.

எச்சரிக்கைக்கு ஒலி எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூவேளைச் செப மணியும் துக்க மணியும் நம் மக்களுக்குத் தெரியும். அபாய மணி இரண்டினின்றும் வேறுபட்டு, இடைவிடாத விரைவு மணியாய் இருக்கட்டும். தெருவில் கோயிலும் பள்ளிவாசலும் இருந்தால் அங்குள்ள ஒலிபெருக்கியிலும் அதே வேளையில் அதே சொற்களை அறிவிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் நின்றால் ஒலிபெருக்கி ஊமையாகும். மணியும் ஊதலும் ஊமையாகா.

மணி அடித்ததும் எச்சரிக்கைப் பிரிவினர் வீடு வீடாகச் சென்று சொல்கின்றனர். மீட்புப் பிரிவினர் சிவப்புக் குறியிட்ட வீடுகளுக்கு நேரே செல்கின்றனர். மக்கள் குறித்த வழியில் நடந்து, குறித்த இடத்துக்கே, அது ஒரு கிலோமீட்டர் தூரமாயினும், முழுவதும் செல்கின்றனர். பாதி வழியில் நின்று “இவ்வளவு போதும், புரிந்துவிட்டது” என்று சொல்லும் ஒத்திகை உனோசுமாய் ஒத்திகையே ஆகும். ஒதுங்கிட வாசலில் பட்டியலோடு இருவர் நின்று பெயரைக் கூப்பிட்டுக் கணக்கெடுக்கின்றனர். எந்த வேலையும் ஏற்காத மூவர் கடிகாரமும் புத்தகமும் கையில் கொண்டு, முதல் வீட்டுக்குச் செய்தி போன நேரம், கடைசி வீட்டுக்குப் போன நேரம், கடைசி ஆள் வந்து சேர்ந்த நேரம் ஆகியவற்றை எழுதுகின்றனர்.

முதல் ஆள் எப்போது வந்தார் என்பது முக்கியமன்று; கடைசி ஆள் எப்போது வந்தார் என்பதே ஒத்திகையின் அளவுகோல். நடக்க இயலாத முதியோரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டு, “அவரைத் தூக்கியதாக வைத்துக்கொள்வோம்” என்று கணக்கெழுதுவது தவறு. அவர் ஒப்புக்கொண்டால் மெல்லத் தூக்கிச் சென்று பாருங்கள். நோயாளியாயின், அதே எடையுள்ள ஓர் இளைஞரை அக்கட்டிலில் கிடத்தித் தூக்கிப் பாருங்கள். வாசற்படி இடிக்கிறதா, நால்வர் போதுமா, எத்தனை நிமிடம் ஆகிறது என்பது அப்போதுதான் புலப்படும்.

ஆட்டையும் மாட்டையும் விட்டு வரமாட்டேன் என்பார் ஒருவர். பீரோவைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்பார் மற்றொருவர். இவர்களைக் கண்டு சினம் வேண்டா. கால்நடைகளை எங்கே அவிழ்த்துவிடுவது என்பதை முன்னரே பேசி முடியுங்கள். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா ஆகியவற்றின் படிகளும், ஒரு வார மருந்தும், கைவிளக்கும், குடிநீரும் நீர்புகாத பையொன்றில் வாசலருகே எப்போதும் தொங்கினால், பீரோவைத் திறக்கும் நேரம் மிச்சமாகும்.

வீட்டில் பேச வேண்டியது

ஒத்திகை தெருவில் மட்டும் நடந்தால் போதாது. உணவு வேளையில் வீட்டிலும் நடக்க வேண்டும். ஜப்பானின் அந்தக் கரையில் “தெண்டெங்கோ” என்றொரு சொல் வழங்குகிறது. ஆழிப்பேரலை வரும்போது ஒருவரையொருவர் தேடிக் காத்திராமல் அவரவர் ஓடுக என்பது அதன் கருத்து. கேட்பதற்குக் கடுமையாய்த் தோன்றும். ஆனால் பிள்ளையைத் தேடிப் பள்ளிக்கு ஓடிய தாயும், தாயைத் தேடி வீட்டுக்கு ஓடிய பிள்ளையும் வழியிலேயே மாண்ட துயரங்களிலிருந்து பிறந்த சொல் அது. பேராசிரியர் கடாடா பிள்ளைகளிடம், “நான் கட்டாயம் ஓடிவிடுவேன், நீங்களும் என்னைத் தேடாமல் ஓடிவிடுங்கள் என்று உங்கள் தாயிடம் சொல்லி, அவர் நம்பும்வரை பேசுங்கள்” என்று கற்பித்தார். அன்பைக் கைவிடச் சொல்லும் போதனை அன்று அது. முன்னரே பேசி வைத்த அன்பு. தந்தை கடலில் இருக்கும்போது, தாய் சந்தையில் இருக்கும்போது, பிள்ளை பள்ளியில் இருக்கும்போது யார் எங்கே ஒதுங்குவர், பிறகு எங்கே சந்திப்பர் என்பதை ஒவ்வொரு குடும்பமும் இன்றே பேசி முடிவு செய்யலாம்.

சில விதிகளைச் சிறு பிள்ளையும் மனப்பாடமாய்ச் சொல்ல வேண்டும். கடல் திடீரென உள்வாங்கினால் பார்க்கப் போகாதே, ஓடு. முதல் அலை வடிந்ததும் திரும்பி வராதே; அடுத்தடுத்த அலைகள் பல மணி நேரம் வரக்கூடும். அறுந்து கிடக்கும் மின்கம்பியை நெருங்காதே. அவசர அழைப்புக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 108, தீயணைப்புக்கு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த எண்களை வாசற்கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள்.

முடிந்தபின் தொடங்கும் வேலை

ஒத்திகை முடிந்ததும் தேநீர் கொடுத்து, நன்றி கூறி, புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைவது நம் வழக்கம். தேநீர் இருக்கட்டும், ஆனால் அன்றைக்கே, எல்லாரும் அங்கிருக்கும்போதே, குறைகளைக் கேட்டு எழுதுங்கள். மணி எந்தத் தெருவில் கேட்கவில்லை? எந்த வீடு விடுபட்டது? எந்தச் சந்தில் நெரிசல்? எந்தத் தொண்டர் வரவில்லை, அவருக்கு மாற்று யார்? ஒரு குறையும் இல்லை என்று முடிந்த ஒத்திகையைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். உண்மையைப் பார்க்கவில்லை என்பதே அதன் பொருள். ஒவ்வொரு குறைக்கும் எதிரே பொறுப்பாளர் பெயரையும் முடிக்க வேண்டிய நாளையும் எழுதுங்கள்.

பின்னர், வேறொரு வேளையில் மீண்டும் நடத்துங்கள். ஞாயிறு காலை நடந்தது இரவில் நடக்குமா? ஆண்கள் கடலுக்குச் சென்றபின் நடக்குமா? மழையில் நடக்குமா? ஆண்டுக்கு இரண்டு முறையேனும் நடந்தால்தான் பட்டியல் உயிரோடு இருக்கும். பிள்ளைகள் பிறக்கின்றனர், முதியோர் படுக்கையில் விழுகின்றனர், வாடகைக்கு இருந்தோர் மாறுகின்றனர். சென்ற ஆண்டின் பட்டியல் இந்த ஆண்டின் முதியவரைக் காப்பாற்றாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது; நம் கரையில் கடும்புயல்கள் பெரும்பாலும் அதை அடுத்து வரும் வாரங்களிலேயே வீசுகின்றன. எனவே ஆகஸ்டில் தெருவை நடந்து பட்டியல் எழுதி, செப்டம்பரில் முதல் ஒத்திகையை நடத்திவிடுதல் நன்று. பெரும் பணம் இதற்குத் தேவையில்லை. தேவையானது ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு மணி, மனமுவந்த இருபது பேர். அடுத்த அன்பியக் கூட்டத்தில் இரண்டு பேரைத் தேர்ந்து, ஒரு தெருவின் ஒரு பக்கத்தை மட்டும் நடந்து எழுதிவரச் சொல்லுங்கள். சிவப்பு மையால் குறிக்க வேண்டிய முதல் வீட்டை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.